குட்டைக் குழலின் குறி

ஒரு தென்னை ஈர்க்கை உருவி எடுங்கள். அதன் அடியை மேசை விளிம்பில் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைச் சுண்டிவிடுங்கள். நுனி மேலும் கீழும் அகலமாக ஆடும். ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இனி அதைப் பாதியாக முறித்து, அடிப்பாதியை அதேபோலப் பிடித்துச் சுண்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு துடிப்பு, அவ்வளவுதான். கண்ணுக்குப் பிடிபடும் முன்னமே நின்றுவிடும். எங்கள் வாவிக்கரை ஊரான ஆரையம்பதியில் ஈர்க்குக்கட்டு இல்லாத வளவு கிடையாது. ஆகவே இந்தச் சோதனையைச் செய்ய ஒரு சதமும் செலவில்லை.

துவக்குக் குழலும் ஓர் உருக்கு ஈர்க்குத்தான். அதன் அடி துவக்கின் உடம்போடு புரி வைத்து இறுக்கப்பட்டிருக்கிறது, வாய் அந்தரத்தில் நிற்கிறது. விசையைத் தட்டியதும் மருந்து எரிந்து, சன்னம் குழலைக் கடந்து வெளியேற ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகிறது. அதற்குள் குழல் சுண்டிவிட்ட ஈர்க்கைப்போல் அதிரத் தொடங்கிவிடுகிறது. சன்னம் விடைபெறும் கணத்தில் வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் அது போகும்.

வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையில் வயல் காவலிலேயே வயது போன ஒரு பெரியவரிடம் முன்பு ஒருமுறை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “நீட்டுத் துவக்குத்தான் மனே நேராப் போகும்” என்றார். அவருடைய வாழ்நாள் அனுபவம் அது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் பிடித்த துவக்குகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியும்கூட.

முன்னாளில் குறிபார்ப்பதென்றால் குழலின் இரு முனைகளில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் கொண்டுவருவதுதான். இரண்டுக்கும் இடையே 50 சென்ரிமீற்றர் தூரம் இருக்கிறது என்று வையுங்கள். கண் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால், 100 மீற்றரில் அந்தப் பிழை 20 சென்ரிமீற்றராக வளர்ந்துவிடும். இடைவெளி 75 சென்ரிமீற்றர் ஆனால் அதே பிழை 13 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். அதோடு பழைய கரிமருந்துத் துவக்கில் சன்னம் போதிய வேகம் எடுக்க நீண்ட குழல் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கர் பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவரிடம் செய்வித்த றைபிளின் குழல் மட்டும் 36 அங்குலம். முழு எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. ஒரு சாக்கு நெல்லைச் சுமப்பவனுக்கு ஒன்பதரைக் கிலோ பெரிதல்ல. ஆனால் அதைத் தோளில் ஏந்தி, அசையாமல் பிடித்து, ஓடிவரும் விலங்கை நோக்கித் திருப்புவது வேறு விசயம்.

குழலைக் குட்டையாக்கலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது தென்னாபிரிக்காவின் போவர் யுத்தத்தில். அதற்கு நம் தீவோடும் ஒரு தொடர்பு உண்டு. 1900ஆம் ஆண்டு, பிடிபட்ட போவர்கள் சுமார் 5,000 பேரைப் பிரித்தானியர் கப்பலேற்றிக் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்துவைத்தார்கள். இவர்களிற் பலர் பண்ணைக்காரர்கள்; குதிரையில் இருந்தபடியே வளர்ந்தவர்கள்; ஜெர்மனியின் 7 மில்லிமீற்றர் மௌசர் றைபிளால் பிரித்தானியப் படையைத் தூரத்திலிருந்தே நிறுத்திக் காட்டியவர்கள். பிரித்தானியக் காலாட்படையிடம் அப்போது இருந்தது 30 அங்குலக் குழல் கொண்ட நீட்டு லீ-என்பீல்ட். குதிரைப்படைக்கு 21 அங்குலத்தில் தனியாக ஒரு குட்டை. யுத்தம் முடிந்ததும் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒன்றாக 25 அங்குலக் குழலில் ஒரு றைபிளைக் கொண்டுவந்தார்கள். நீளத்தைக் குறைத்தால் குறி கெட்டுவிடும் என்று அன்றைய குறிபார்ப்பு விற்பன்னர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அதே குட்டை லீ-என்பீல்ட், மேற்கு வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் பல தலைமுறையாகச் செய்யப்பட்டு, இந்தியப் பொலிசின் தோளில் 21ஆம் நூற்றாண்டு வரைக்கும் தொங்கியது.

இன்னொரு வெட்டு 1944இல் விழுந்தது. அந்த ஆண்டு நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூங்காவின் மரங்களுக்கு அடியில் இருந்துகொண்டு பர்மாக் காட்டு யுத்தத்தை நடத்தினார்கள். அந்தக் காடுகளையும் மனத்தில் வைத்து இங்கிலாந்தில் உருவானது ஐந்தாம் இலக்க லீ-என்பீல்ட். பின்னாளில் ‘ஜங்கிள் காபைன்’ என்று பேரெடுத்தது. குழல் 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, முழு நீளம் ஒரு மீற்றர், எடை 3.2 கிலோ. முந்தைய நான்காம் இலக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைவு. அந்த ஒரு கிலோவுக்காக எங்கெல்லாம் சுரண்டினார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மரத்தைக் குறைத்தார்கள், குழலின் அடியில் உலோகத்தைச் செதுக்கினார்கள், உடம்பின் பக்கங்களைக் கடைந்தார்கள். கையால் பிடித்து இழுக்கும் அந்தச் சின்ன உருண்டைக் குமிழைக்கூட உள்ளே துளைத்துக் கோறையாக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் முறைப்பாடு வந்தது. இன்று சரியாக அமைத்த குறி நாளைக்கு வேறிடத்தில் நிற்கிறது, அதைத் திருத்தினால் மறுநாள் இன்னோரிடத்தில். ‘அலையும் குறி’ என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். 1947இல் உற்பத்தி நின்றது. எல்லாவற்றையும் கடைந்து எடுத்ததில் உடம்பு தளர்ந்துவிட்டது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். தானியங்கித் துவக்குக்கு மாற விரும்பிய படைத்தலைமை காட்டிய சாட்டுத்தான் அது என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள். இன்று அந்தத் துவக்கைச் சேகரித்து வைத்துச் சுட்டுப் பார்ப்பவர்களில் பலர் தங்களுடையதில் அப்படியொரு குறையே இல்லை என்கிறார்கள். எது எப்படியோ, அது 1948க்குப் பிறகு மலாயாவின் றப்பர்த் தோட்டங்களைச் சுற்றிய காடுகளில் பல ஆண்டு உழைத்தது. தமிழ்த் தொழிலாளரின் லயங்களுக்குப் பக்கத்தில் அதன் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ‘குட்டை’ என்பதும் ‘இலேசு’ என்பதும் ஒன்றல்ல. ஐந்தாம் இலக்கத்தின் மீது வந்த பழி குட்டையானதால் வந்ததாகத் தெரியவில்லை, இலேசாக்கியதால் வந்தது.

மறுபடியும் ஈர்க்குக்கு வருவோம். ஒரு முனையில் பிடித்த கோலின் நுனி எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 66 சென்ரிமீற்றர்க் குழலை அதே தடிப்பில் 46ஆக வெட்டினால் வளைவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். தடிப்பின் கணக்கு இதைவிடக் கடுமை: வளையாமை குறுக்களவின் நான்காம் மடியாக ஏறும். பத்து சதவீதம் தடித்த குழல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். ஆகவே குட்டையான, தடித்த குழல் ஒன்று, நீண்டு மெலிந்த குழலை விட ஒழுங்காகச் சுடும் என்பதே இயற்பியல் சொல்வது. பெரியவரின் நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்த இரண்டு அடையாளங்களின் இடைவெளி, துவக்கின் முதுகில் தொலைநோக்கி ஏறியதோடு பொருளற்றுப் போயிற்று.

குழலின் அதிர்வைப் பற்றி 1901இலேயே மாலக் என்ற ஆங்கிலேயர் லண்டன் றோயல் சொசைற்றிக்கு ஆய்வுரை எழுதினார். லீ-என்பீல்டில் ஓர் அழகான தற்செயல் இருந்தது. சற்று மெதுவாக வரும் சன்னம் வெளியேறும்போது வாய் ஒரு நூலளவு மேலே பார்க்கும். வேகமான சன்னம் வெளியேறும்போது கீழே பார்க்கும். மெதுவானது தூரத்தில் அதிகம் விழும், ஆனால் மேல்நோக்கிப் புறப்பட்டதால் விழுந்தும் அதே இடத்துக்கு வந்து சேரும். கிட்டத்தில் சுமாராகச் சுட்ட துவக்கு ஆயிரம் யாரில் நன்றாகச் சுட்டதன் இரகசியம் அது.

லீ-என்பீல்டுக்கும் மௌசருக்கும் பொதுவான ‘போல்ட் அக்சன்’ என்ற அமைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய வீட்டுக் கதவின் நாதாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு உருளை ஒன்றை முன்னே தள்ளி, கீழே திருப்பினால் அதன் காதுகள் உடம்பில் வெட்டிய பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே வந்து விழும். மௌசரில் பூட்டும் காதுகள் முன்னால், தோட்டாவுக்குப் பக்கத்தில் உள்ளன; லீ-என்பீல்டில் பின்னால். முன்பூட்டு விறைப்பானது, பின்பூட்டு கைக்கு வேகமானது. இரண்டிலும் பொது நன்மை ஒன்று: சன்னம் குழலுக்குள் ஓடும்போது வேறெந்த உறுப்பும் அசையாது. தானியங்கியில் அப்படியில்லை. அதனால்தான் வேட்டைக்காரரும் குறிபார்ப்புப் போட்டியாளரும் நூறாண்டுக்கு மேலாகியும் இந்தத் தாழ்ப்பாளைக் கைவிடவில்லை.

அப்படியென்றால் குட்டைக் குழலுக்கு நட்டமே இல்லையா? இருக்கிறது, முதல் நட்டம் வேகம். மருந்தின் வாயு சன்னத்தைத் தள்ளும் தூரம் குறைகிறது. இன்று பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவில் குழலின் ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு ஏழெட்டு மீற்றர் குறையும். 24 அங்குலத்தை 18 ஆக்கினால் 850 என்பது 800, 810 என்று இறங்கும். இந்த எண்ணைக் கண்டு பயப்படுகிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 100 மீற்றரில் இரண்டு சன்னங்களின் வீழ்ச்சிக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர்கூட வித்தியாசம் வராது. 300 மீற்றரில் எட்டொன்பது சென்ரிமீற்றர் வரும், அதையும் குறி அமைக்கும்போதே சரிக்கட்டிவிடலாம். சன்னத்தின் சுழற்சியும் பெரிதாகக் குறைந்துவிடாது. குழலுக்குள் வெட்டிய புரி 25 சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்று என்றால், குழல் குட்டையோ நீளமோ, வெளியேறும் சன்னம் நொடிக்கு 3,000 தடவைக்கு மேல் சுழன்றபடிதான் போகும்.

இதைவிடப் பெரிய பிழையைக் காற்றுச் செய்யும். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வாவிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; தென்னோலை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து நிற்கும். நொடிக்கு நாலரை மீற்றர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று .308 சன்னத்தை 100 மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றரளவுதான் தள்ளும். 300 மீற்றரிலோ ஒரு சாண் தள்ளிவிடும். தூரம் மூன்று மடங்காகும்போது பிழை பத்து மடங்கு வரை போகிறது. குழலில் ஆறு அங்குலம் கூட்டினாலும் இதில் ஒரு சிறு பங்கைத்தான் மீட்கலாம். கச்சானைக் கணிக்கத் தெரியாதவனுக்கு நீட்டுக் குழல் ஒரு துணையும் செய்யாது.

இரண்டாவது நட்டம் உதைப்பு. துவக்கின் எடை நான்கு கிலோவிலிருந்து மூன்றாக இறங்கினால், தோளில் வந்து இடிக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டுகிறவனின் கைப்பிழை, குழலின் எல்லாப் பிழையையும் விடப் பெரியது. மூன்றாவது சத்தம். றைபிள் வெடி காதடியில் 160 டெசிபலைத் தொடும். 140க்கு மேல் ஒரே வெடியிலேயே செவிப்புலன் பழுதாகலாம். குழல் குட்டையானால் வாயில் வரும் அமுக்கமும் தீப்பிழம்பும் இன்னும் கூடும். ஜங்கிள் காபைனின் வாயில் புனல் மாதிரி ஒரு மூடி இருந்ததற்குக் காரணம் அந்தத் தீப்பிழம்புதான். காதுக்கவசம் இல்லாமல் குட்டை றைபிளைச் சுடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இவ்வளவும் இருந்தும் குட்டை றைபிளை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கோர்பெட்டைப் பார்க்கவேண்டும். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ற் கவர்னர் ஹியூவெற் அவருக்கு ஒரு .275 றிக்பியைப் பரிசளித்தார். போவர்கள் பிடித்திருந்த அதே 7 மில்லிமீற்றர் மௌசர்த் தோட்டாதான். பேர் மட்டும் வேறு. 1930இல் சௌகர் ஆட்கொல்லிப் புலியை அவர் சந்தித்த கட்டத்தை உங்களிற் பலர் வாசித்திருப்பீர்கள். இடது கையில் குருவி முட்டைகள், வலது கையில் றைபிள், திரும்பிப் பார்த்தால் சில அடி தூரத்தில் புலி. ஒற்றைக் கையால் துவக்கை மெல்ல மெல்ல முக்கால் வட்டம் திருப்பிச் சுட்டார். கையில் இருந்தது எடை குறைந்த றைபிளாக இருந்ததைத் தாம் தப்பியதற்கான காரணங்களில் ஒன்றாக அவரே எண்ணினார். பேக்கரின் ஒன்பதரைக் கிலோவோடு அதைச் செய்திருக்க முடியாது. 1980களில் ஜெப் கூப்பர் என்ற அமெரிக்கர் இந்த எண்ணத்துக்கு ஓர் அளவுகோலே வகுத்தார்: ஒரு மீற்றருக்கு மேல் நீளம் கூடாது, மூன்று கிலோவுக்கு மேல் எடை கூடாது. ஒஸ்திரியாவின் ஸ்ரேயர் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் அதன்படி ஒன்றைச் செய்தும் காட்டியது.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் நிம்மதியாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வேட்டை நினைவுக்கு வராத தலைமுறை ஒன்று இருக்கிறது. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையையும் மரையையும் காக்கிறது. இருந்தும் காலில் சீழ்வைத்த காயத்தோடு நொண்டும் யானைகளை நம் வயலோரங்களில் காண்கிறோம். கட்டுத்துவக்கு, சிதறு குண்டு, கண்ட இடத்தில் பட்ட வெடி. குறி என்பது வேட்டைக்காரரின் பெருமைக்குரிய விசயம் மட்டுமல்ல. ஒரு சாண் பிழைத்தால் ஒரு விலங்கு நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். ஆகவேதான் ‘நல்ல றைபிள்’ என்ற சொல்லை அளந்து பார்க்காமல் ஏற்கக்கூடாது என்கிறேன்.

அளப்பது எப்படி? கடைக்காரர் ஒரு தாளை நீட்டுவார். அதில் நெருங்கி விழுந்த மூன்று துளைகள் இருக்கும். “பாருங்கள், 100 மீற்றரில் மூன்று சென்ரிமீற்றர்!” துவக்குலகில் புழங்கும் அளவின்படி இது கிட்டத்தட்ட ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, மெச்சத்தக்கது. ஆனால் மூன்று கதிரைப் பிடுங்கிப் பார்த்து ஒரு வட்டையின் விளைச்சலைச் சொல்லும் போடியார் யாராவது உண்டா? அதே துவக்கால், அதே கையால் ஐந்து வெடி வைத்தால் கூட்டத்தின் அகலம் சராசரியாகக் கால்வாசி கூடும். பத்து வைத்தால் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். துவக்குக் கெட்டுப்போகவில்லை. வெடி கூடக்கூட ஓரத்தில் விழுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். மூன்று வெடிக் கூட்டங்களைப் பல தடவை வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்காக இருப்பது சாதாரணம். அவற்றில் மிகச் சிறியதைத்தான் கடைக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

மரத்தையும் பார்க்கவேண்டும், அதுவும் நம் மண்ணில் கட்டாயம் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் நாடாவில் வாழ்கிறோம். மார்கழி மழையில் அலுமாரிக் கதவு ஊதி இறுகிக்கொள்வதைக் காணாதவர் இல்லை. துவக்கின் மரக்கட்டையும் அதே வேலையைத்தான் செய்யும். ஊதிய மரம் ஒரு பக்கமாகக் குழலில் முட்டினால், அதிரும் குழலின் ஓட்டம் மாறி, கார்த்திகையில் அமைத்த குறி மாசியில் வேறிடம் பார்க்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு 20 ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி, வாய்ப்பக்கமிருந்து உடம்புவரை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டே போனால் நல்லது. நடுவழியில் கவ்விக்கொண்டால், குழல் மிதக்கவேண்டும் என்று செய்த துவக்கில் மரம் தொடுகிறது என்று பொருள். இன்று பலர் பிளாஸ்ரிக் கட்டைக்கு மாறியதற்கு எடை மட்டும் காரணமல்ல. அது ஈரத்தில் ஊதாது. உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. துடைத்து எண்ணெய் தடவாத உருக்கு இங்கே எத்தனை நாள் தாங்கும் என்பது எங்கள் சைக்கிள்களுக்குத் தெரியும்.

குழலின் சூட்டுக்கும் ஒரு பங்குண்டு. நண்பகலில் வாவிக்கு இப்பால் நின்று படுவான்கரையைப் பார்த்தால், எதிர்க்கரையின் அடி தண்ணீரைவிட்டுத் தூக்கி மிதப்பதுபோல் தெரியும். சூடேறிய காற்று ஒளியை வளைப்பதால் வரும் தோற்றம் அது. நாலைந்து வெடி வைத்த குழலுக்கு மேலேயும் இதே நடக்கும். சூட்டில் எழும் காற்று தொலைநோக்கிக்கு முன்னால் அலைந்து, இலக்கை நெளியவைக்கும். மெல்லிய குழல் இன்னும் விரைவாகச் சூடேறும். ஏறும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளவும் செய்யும். போட்டியில் சுடுகிறவருக்கு இது பெரிய சிக்கல். வேட்டைக்காரருக்கு அப்படியல்ல. அவருக்குக் கிடைப்பது விடிகாலையில், பனியில் நனைந்த, ஆறிய குழலிலிருந்து ஒரே ஒரு வெடி.

ஆகையால் என்னிடம் யாராவது ஒரு குட்டை றைபிளைக் காட்டி “இது நல்லதா?” என்று கேட்டால், மூன்று துளைத் தாளைப் பார்க்கமாட்டேன். உரிமம் பெற்ற சுடுதளத்தில், வெவ்வேறு பத்துக் காலைகளில், மழைநாளும் கச்சான் நாளும் கலந்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெடி. நாளுக்கு ஒரு புதுத் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. தோளில் ஏந்தி, களத்தில் எப்படிப் பிடிப்பாரோ அப்படியே பிடித்துச் சுட்டதாக இருக்கவேண்டும். பத்தாம் நாள் அந்தப் பத்துத் தாள்களையும் நான்கு மூலையும் பொருந்த அடுக்கி, கிழக்குச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன்.